இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை

கார் ஓட்டத் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை நான் ஒருமுறைகூட சீட் பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தியதில்லை. பால் வாங்கத் தெருமுனைக்குப் போவதானாலும் முதலில் பெல்ட், பிறகுதான் சாவி. முப்பத்திரண்டு ஆண்டுகள் பத்திரப் பதிவுத் துறையில் இருந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். ஓர் ஆவணத்தில் பிழை இருப்பது தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பின் பதினான்காம் பத்தி என்னை மூன்று ஆண்டுகளாக உறுத்துகிறது. மனுதாரர் சீட் பெல்ட் அணிந்திருந்தால் அவருடைய கழுத்தெலும்பு முறிந்திருக்காது என்று அதில் கண்டிருக்கிறது. அது பிழை. அவர் அணிந்திருந்தார்.

எழுதிக்கொள்ளுங்கள், வழக்கறிஞர் அம்மா. இதைக் கேட்பதற்காகத்தானே கூத்தாநல்லூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். என் தங்கை தையல்நாயகி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் செய்திருக்கும் மேல்முறையீட்டை நீங்கள் நடத்துகிறீர்கள் என்று அறிந்தபோதே, பாத்திமா என்ற பெயரில் யாரோ ஒருவர் ஒருநாள் என் வாசலில் வந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேன். மருத்துவமனை காயச் சான்றிதழில் ஒரே ஒரு வரியை நீங்கள் கோடிட்டிருக்கிறீர்கள். பழைய வழக்கறிஞர் அதை ஆறு முறையாவது புரட்டியிருப்பார். உங்களுக்குக் கண் நன்றாக இருக்கிறது.

மனுதாரர் மருதவாணன் என் தங்கையின் கணவர். பெற்றோர் வைத்த பெயர் வைத்தியநாதன்; இயக்கத்தில் சேர்ந்த மறுவாரமே அதைக் களைந்தார். கருப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை, சாதி இல்லை, புரோகிதன் வேண்டியதில்லை என்று பூதலூர் வட்டாரத்தில் அவர் பேசாத மேடை இல்லை. 1990இல் என் தங்கையை ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் மணந்தார். அதில் எனக்கு மாறுபாடு எதுவும் இருந்ததில்லை, செலவு குறைவு.

அவருடைய கொள்கைகளுள் ஒன்று சீட் பெல்ட் பற்றியது. காரின் முன்னிருக்கையில் இடப்பக்கம் அமர்பவருக்குப் பெல்ட் இடது தோளில் ஏறி, மார்பின் குறுக்கே வந்து, வலது இடுப்பில் இறங்குகிறது. பூணூலும் அதே வழியில்தான் போகிறது. இந்த ஒற்றுமை கோடிக்கணக்கான பேரின் கண்முன்னே இருந்தது. கண்டுபிடித்தவர் அவர் ஒருவரே.

"முப்பது வருசமா இதக் கழட்டு கழட்டுன்னு தொண்டை தேயக் கத்திட்டு வர்றேன் மச்சான். இப்ப கம்பெனிக்காரன் நைலான்ல நெய்து குடுத்தா நான் மாட்டிக்கணுமா?" என்றார், நான் கார் வாங்கிய புதிதில்.

"டிரைவர் சீட்டுல வலது தோள்ல வரும் மாப்ள. வேணும்னா ஓட்டக் கத்துக்குங்க," என்றேன்.

"அது அவங்க திதி குடுக்கறப்ப மாத்திப் போடுறது. அது இதவிட மோசம்."

ஒருமுறை தஞ்சாவூரில் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தி அவருக்கு அபராதம் விதித்தார். அந்த ரசீதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஊர்ப் படிப்பகத்தில் மாட்டினார்கள். அதற்கு ஒரு திறப்பு விழாவும் நடந்தது. கிளைச் செயலாளர் பக்கிரி தலைமை தாங்கினார். 'பெல்ட்டு மறுத்த பெருந்தகை' என்று சுவரொட்டி வந்தது. நானும் போயிருந்தேன். காராபூந்தி கொடுத்தார்கள்.

இனி நிலம். எங்கள் தகப்பனார் விட்டுச்சென்றது ஏழரை ஏக்கர் நஞ்சை; ஒரே வாய்க்காலில் பாய்ந்து ஒரே வடிகாலில் வடிவது. 1989இல் அரசு பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை என்று சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். அதன்படி எத்தனையோ பாகப் பத்திரங்களை நானே பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். அது என் தகப்பனார் வீட்டுக்கும் பொருந்தும் என்பதை மருதவாணன்தான் எனக்கு நினைவூட்டினார். பட்டா கூட்டுப் பட்டாவாயிற்று. தங்கையின் பங்கு நட்டநடுவில் விழுந்தது. நான் என் வயலின் மேற்குத் துண்டிலிருந்து கிழக்குத் துண்டுக்குப் போக அவள் வரப்பின்மேல் நடந்தேன், இருபத்தைந்து ஆண்டுகள். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பிறகு எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்தது. நல்ல விலை பேசினார்கள். ஆனால் நடுவில் வேறொருவர் பெயர் இருக்கும் நிலம் வேண்டாம், முழுத்துண்டாக முடித்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். தையல்நாயகி மறுத்தாள். மருதவாணன் அவள் வயலில் கருப்புக் கொடி நட்டு, கீற்றுப் பந்தல் போட்டு, நூற்றிருபது நாள் உட்கார்ந்தார். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். பின்னணியில் என் வயலும் தெரிந்தது.

"நீங்க வித்துக்குங்க அண்ணே, நான் குறுக்க நிக்கல," என்றாள் தங்கை. "இவரு கையுங் காலும் நல்லாருக்கிற வரைக்கும் என் பங்குல நாத்து நடுவோம். அவ்வளவுதான்."

நான் அதை மனத்தில் குறித்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டேன்.

2016 வைகாசியில் எனக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூரில் சாந்தி செய்தோம். மருதவாணன் கோயிலுக்குள் வரவில்லை. வாசலில் காருக்குள் அமர்ந்து செய்தித்தாள் படித்தார். சாப்பாட்டுக்கு மட்டும் முதல் பந்தியில் இருந்தார். "சாம்பார் கடவுள் மறுப்பு கேக்காது மச்சான்," என்று இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம். எங்களுக்குள் பகை இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திரும்பும்போது பெண்கள் வேனில் ஏறினார்கள். நாங்கள் இருவரும் காரில். வேனில் ஏறுமுன் தையல்நாயகி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, குழந்தைக்கு மாட்டுவதுபோலப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள்.

"தையலு, ஊரு பாத்தா சிரிக்கும்."

"ஊரு பாக்காது. துண்டப் போத்திக்குங்க. போன வாரம் தோழர் ஒருத்தர் கண்ணாடிய ஒடச்சிக்கிட்டு வெளில விழுந்தாருல்ல, அவரு பொண்டாட்டியப் பாத்துட்டு வந்ததுலேருந்து எனக்குத் தூக்கமில்ல. போட்டுக்கிட்டாதான் வீட்டுல காபி."

அவர் கருப்புத் துண்டைப் பெல்ட்டின்மேல் பரப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "பக்கிரிகிட்ட சொல்லிப்புடாதீங்க மச்சான்."

நான் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

தஞ்சாவூர் தாண்டி, பூதலூர்ச் சாலையில், மாலை நான்கு மணி. கோடை உளுந்தைச் செடியோடு அறுத்துத் தார்ச்சாலையில் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் அடிக்கிற கூலி மிச்சம். காய்ந்த செடிமேல் சக்கரம் வழுக்கியது. என் வேகம் சட்டம் அனுமதித்ததைவிடச் சற்று அதிகம். அதை நான் மறைக்கவில்லை, முதல் தகவல் அறிக்கையிலேயே இருக்கிறது. வண்டி ஒருமுறை புரண்டு வாய்க்காலில் கூரை கீழாக நின்றது. அவருக்குக் கழுத்து முறிந்தது. நடுவில் ஒரு நிமிடம் இருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் அவர் சட்டையைக் கத்தரித்துவிட்டு, மார்பில் ஏறிச் சாய்ந்திருந்த கன்றிய கோட்டைப் பார்த்தார். "ஐயர் வீட்டுக்காரரா?" என்று கேட்டார். நல்லவேளை, பக்கிரி அப்போது வந்துசேரவில்லை. கரையேற்றும்போது கயிறு கட்டி இழுத்தார்கள், அதன் தடம் என்றேன். அவர் எழுதினார்: 'இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை சாய்ந்த கன்றல், கயிற்றுத் தடம் என உடன் வந்தவர் கூறுகிறார்.' நீங்கள் கோடிட்ட வரி அதுதான். கயிறு கட்டி இழுத்த ஆள் ஒருவர்கூட வழக்கில் இல்லையே என்று கேட்டீர்கள். கயிறும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் மானத்தைக் காக்க. அன்று அவ்வளவுதான் நினைத்தேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

இழப்பீட்டு வழக்குப் போடும்படி தங்கைக்குச் சொன்னவன் நான்தான். வண்டி ஓட்டியவனும் உரிமையாளனும் நான். ஆகவே முதல் எதிர்மனுதாரர் நான், இரண்டாவது காப்பீட்டு நிறுவனம். "என் பேர்ல கேஸ் போடும்மா, பணம் அவன் தருவான்," என்றேன். அவள் அழுதாள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத கணவரை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு, அந்தத் தொகை முழுமையாக வந்தால் மட்டுமே வேலூர் வைத்தியமும் வீட்டில் ஓர் ஆளும் நிலமும் ஒருசேர மிஞ்சும். அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இருதயசாமி நேர்மையானவர். என்னிடம் விவரம் கேட்க வந்தார். நான் பொய்யாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு ரசீது மாட்டியிருக்கிறது, போகும் வழியில் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். அது பின்னர் எதிர்த்தரப்புச் சான்றாவணம் ஆயிற்று. பக்கிரி அதைத் தம் கையாலேயே சுவரிலிருந்து கழற்றி, துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தார். வழக்கு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

பக்கிரியிடம் நான் பேசியது ஒரே ஒரு தடவை.

"தோழர் பெல்ட் போட்டிருந்தாருன்னு மனுவுல எழுதியிருக்காங்களாம் பக்கிரி. என் தங்கச்சி சொல்லித்தான் எழுதியிருக்கும், பாவம். உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்."

"யாரு, நம்ம தோழரா? பூணூலு போட்டாருன்னா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "இத எவன் எழுதுனான்?"

"கோவப்படாதீங்க. வியாழக்கெழமை வீட்டுக்கே வந்து அவருகிட்ட வாக்குமூலம் வாங்குறாங்க. நீங்கள்லாம் பக்கத்துல இருந்தா அவருக்கு ஒரு தெம்பு."

மருதவாணன் நீதிமன்றத்துக்கு வர இயலாதவர் என்பதால், தீர்ப்பாயம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து வீட்டுக்கு அனுப்பியது. அவர் வந்தபோது கூடத்தில் பதினேழு கருப்புச் சட்டைகள் இருந்தன. நான் எண்ணினேன். அயலூர்க் கிளைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். தையல்நாயகி கணவரின் தலைமாட்டில் நின்றாள். முதல்நாள் இரவே அவரிடம் சொல்லியிருந்தாளாம்: உள்ளதச் சொல்லுங்க, வேறெதும் வேணாம்.

இருதயசாமி மென்மையாகத்தான் கேட்டார். "திருக்கடையூர்ல உங்க மனைவி உங்களுக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டதா சாட்சி சொல்லியிருக்காங்க. அது உண்மைங்களா ஐயா?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பக்கிரி கையைக் கட்டிக்கொண்டு, விருது வாங்கப்போகிறவரைப் பார்ப்பதுபோலக் கட்டிலைப் பார்த்தார். மருதவாணனுக்கு அசைவது தலை ஒன்றுதான். அதை மனைவி பக்கம் திருப்பினார். பிறகு சட்டைகள் பக்கம் திருப்பினார்.

"நான் எந்தக் காலத்துலயும் அதப் போட்டவன் இல்ல," என்றார்.

கைதட்டினார்கள். ஆணையர் அமைதி காக்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று. 'கொள்கை வேந்தர் வாழ்க' என்று ஒருவர் தொடங்கினார். தையல்நாயகி அடுக்களைக்குப் போனாள். பாத்திரம் உருளும் ஓசை கேட்டது, பிறகு அதுவும் இல்லை. கூட்டம் கலைந்தபின் அவர் என்னை அருகே கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துவிடச் சொன்னார். துடைத்தேன். "நீங்க மட்டுந்தான் மச்சான் என் மானத்தக் காப்பாத்துனது," என்றார். அவருக்கு அதில் ஐயமே இல்லை.

மறுநாள் தங்கை வந்தாள். "நான் மாட்டிவிட்டத நீங்க கண்ணால பாத்தீங்கள்ல அண்ணே. கோர்ட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. ஊரு முன்னால நான் பொய்க்காரியா நிக்கிறேன்."

"அவரே இல்லேன்னு சொன்னப்பறம், நான் போயி எப்படிம்மா அவரப் பொய்யனாக்குறது?"

அவள் "சரிண்ணே," என்று போனாள்.

நான் நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்லவில்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஆஜராகவே இல்லை.

பெல்ட் அணியாதது மனுதாரரின் சொந்தக் குற்றம், காயம் இவ்வளவு கொடிதானதற்கு அதுவே பெருங்காரணம் என்று சொல்லி, இழப்பீட்டில் பாதியைத் தீர்ப்பாயம் கழித்தது. ஆதாரம், மனுதாரரின் வாய்மொழியும் கண்ணாடிச் சட்டமும். எஞ்சிய பாதி பழைய மருத்துவச் செலவுக்கே போயிற்று. ஆறு மாதத்தில் தையல்நாயகி தன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள். மற்றவர் கொடுத்திருக்கக்கூடியதைவிடச் சற்று அதிகமாகவே கொடுத்தேன். சொல்லப்போனால், அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டு உதவியவன் நான் ஒருவன்தான். இயக்கம் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தியது.

கம்பெனியோடு பேச்சு முடிகிற தறுவாயில், 2020 பிப்ரவரியில், டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. கம்பெனிக்காரர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. அரசுக்குப் பாராட்டு விழா நடந்தது. ஊரிலும் வெடி வெடித்தார்கள். ஏழரை ஏக்கரும் இப்போது முழுத்துண்டாக, என் ஒருவன் பெயரில் இருக்கிறது. நெல்தான் விளைகிறது. நிலம் விலைபோயிருந்தால் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருப்பேனா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்தீர்கள். நியாயமான கேள்வி. பதினான்காம் பத்தி அப்போதும் பிழையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வாசித்திருக்க மாட்டேன்.

இப்போது அந்த ஒரு நிமிடம்.

இருவரும் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவருக்கு அதுவும் இல்லை. காலை உதைத்துப் பார்த்தார், கையை மடக்கிப் பார்த்தார், எல்லாம் இயங்கின. "வவ்வாலாட்டம் தொங்குறோம் மச்சான்," என்று சிரித்தார். பெல்ட் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. நான் ஒரு கையைக் கூரையில் ஊன்றி, முகவாயை நெஞ்சில் அழுத்தி, தோள்மேல் எடை விழும்படி உடம்பைச் சுருட்டிக்கொண்டு, மறு கையால் பித்தானை அழுத்தி இறங்கினேன். தலைகீழாகத் தொங்குபவன் அப்படித்தான் இறங்க வேண்டும். ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன்.

வெளியே வந்து, சுற்றிப்போய், அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். உளுந்து பரப்பியிருந்த ஆட்கள் கூவிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. நான்கைந்து பேர். வந்திருந்தால் பூப்போல இறக்கியிருப்பார்கள்.

"அவனுவ வர்றதுக்குள்ள இதக் கழட்டுங்க மச்சான். நம்ம ஊரு ஆளா இருந்தா நாறிப்போயிடும்," என்றார். "தலையத் தாங்கிப் புடிச்சிக்கிட்டுக் கழட்டுங்க. எனக்குக் கை ஊன எடமில்ல."

அவர் கேட்டவை இரண்டு. இரண்டும் தெளிவாகக் காதில் விழுந்தன. என் இடது கையில் பட்டு வேட்டியின் ஓரம் இருந்தது. வாய்க்காலில் அடிச்சேறு, வேட்டி அன்று காலைதான் முதன்முதலாக உடுத்தியது. வேட்டியை விட்டிருக்கலாம். விரலைப் பித்தானில் வைத்துக்கொண்டு, ஆட்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஏனோ எங்கள் நிலத்தின் சர்வே எண் உட்பிரிவோடு நினைவுக்கு வந்தது. பிறகு அழுத்தினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. மறுபடி அவர் பேசியபோது, "காலு எங்க மச்சான்?" என்று கேட்டார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். காபி ஆறுகிறது, குடியுங்கள். இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல், அவரைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைக்க நான் போய்வருகிறேன். தையல்நாயகி இடுப்பைப் பிடிப்பாள், நான் தலையைத் தாங்குவேன். வேறு யாரையும் அவர் தலையைத் தொட விடுவதில்லை. உங்கள் மேல்முறையீட்டு மனுவின் மூன்றாம் பக்கத்தில், முதல் எதிர்மனுதாரர் அஜாக்கிரதையாகவும் கவனக்குறைவாகவும் நடந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவை எப்படியும் இருக்கட்டும். நான் கவனக்குறைவானவன் அல்லன். அந்தச் சொல்லை மட்டும் நீக்கிவிடுங்கள்.